எட்டு மணி ஊசி

ஜூன் 10, திங்கள்

டயர் கடைக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி. ஆறு மாதமாக ஆடுகிற மேஜையின் காலுக்கடியில் கிடந்தது. இன்று எடுத்துத் துடைத்தேன். மேஜை மறுபடி ஆடுகிறது. ஆடட்டும்.

முதல் பக்கத்தில் கட்டம் போட்டிருக்கிறார்கள். பெயர்: செண்பகவல்லி. வயது: முப்பத்து மூன்று. தொழில்: கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில், தனியார் பஸ் கம்பெனியின் டைம் ஆபீஸ். எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று எழுதுவேன். ரத்த வகை என்ற கட்டத்தில் 'அவசர வகை' என்று எழுதினேன்.

இன்று டாக்டர் மரகதம் சொன்னது அதுதான். "உன் ரத்தம் தேவையில்லாத நேரத்துல கட்டியாகுது செண்பகம். நஞ்சுக்கொடியில போய் அடைச்சுக்குது. பிள்ளைக்குப் போக வேண்டியது போகாம நின்னுடுது. அதை இளக்கமா வெச்சிருக்க ஒரு ஊசி இருக்கு. தினமும் காலையில எட்டு மணிக்கு, வயித்துல. பிரசவம் வரைக்கும்."

"தினமுமா?"

"தினமும்."

"ஞாயித்துக்கிழமை?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

இது மூன்றாவது. முதல் இரண்டைப் பற்றி இந்த டைரியில் எழுதப்போவதில்லை. டயர் கடைக்காரர் அவ்வளவு பக்கம் கொடுக்கவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

8.14. முதல் ஊசி. போட்டவர் என் கணவர், ராமசுப்பு சவுண்ட் சர்வீஸ் உரிமையாளர். (நேரில் "இந்தாங்க" என்பேன். டைரியில் பெயர் சொல்லிக்கொள்கிறேன். யார் பார்க்கப் போகிறார்கள்.)

கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் மைக்செட் போடுகிற மனிதன். நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவான். இன்று ஊசியைக் கையில் பிடித்ததும் குரல் எறும்பு மாதிரி வந்தது. நர்ஸ் நேற்று ஸ்பாஞ்சில் குத்திக் காட்டியபடி வயிற்றுச் சதையைப் பிடித்தான். "ரெடியா? ஒன்... டூ..."

குத்திவிட்டான்.

"மூணு எங்க?" என்றேன்.

"த்ரீன்னு சொன்னா நீ வயித்த இறுக்கிருவ. மைக் டெஸ்டிங்லயும் டூ வரைக்குந்தான் கவனமா கேப்பாங்க. த்ரீ யாருக்கும் தேவையில்ல."

வலித்தது. அவன் நெற்றி வியர்வையை நான்தான் துடைத்துவிட்டேன்.

ஜூன் 17, திங்கள்

ஆஸ்பத்திரியில் ஒரு கார்டு கொடுத்திருக்கிறார்கள். தேதி, நேரம் எழுத வேண்டும். இதுவரை போட்டது 8.14, 8.05, 8.31, 7.50, 8.22, 8.09, இன்று 8.20. கார்டில் ஏழு வரியிலும் 8.00 என்று எழுதினேன்.

எங்கள் ஆபீஸில் அப்படித்தான். எட்டு மணி பஸ் எட்டு பத்துக்கு வரும். டிரைவர் தலையைச் சொறிவார். நான் 8.00 என்று எழுதிவிடுவேன். ரிஜிஸ்டரில் கடைசிக் கட்டம் 'தாமதத்துக்குக் காரணம்'. பதினோரு வருடத்தில் அதில் நான் ஒரு எழுத்து எழுதியதில்லை. பார்க்க வரிசையாக, அழகாக இருக்கும்.

டைரியில் மட்டும் உள்ளது உள்ளபடி.

ஜூலை 19, வெள்ளி

வயிற்றில் நீலம், பச்சை, மஞ்சள். ராமசுப்பு கடை சீரியல் லைட் தோற்றுவிடும்.

ஆகஸ்ட் 12, திங்கள்

8.02. இன்றோடு பதினைந்தாவது வாரம் தொடங்குகிறது. முதலாவது ஒன்பது வரைக்கும் வந்தது. இரண்டாவது பதினான்கு.

எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுதியிருக்கிறேன். சரி, பேனாவின் தவறு.

சாயங்காலம் ராமசுப்பு ஒரு சின்ன கிலுகிலுப்பை வாங்கி வந்தான். திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொன்னேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு போனான். திரும்பி வரும்போது பக்கோடா வாங்கி வந்தான். அதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லவில்லை.

செப்டம்பர் 23, திங்கள்

ஸ்கேன். இதயத் துடிப்பை ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினார்கள். குதிரை ஓடுகிற மாதிரி இருந்தது. ராமசுப்பு ரொம்ப நேரம் கேட்டுவிட்டு அந்த ஸ்கேன் பெண்ணிடம், "ஸ்பீக்கர்ல பேஸ் கம்மியா இருக்கும்மா, கொஞ்சம் ஏத்துனா ஜம்முனு இருக்கும்" என்றான். அந்தப் பெண் ஏற்றவில்லை.

போன தடவை இதே அறையில் இதே ஸ்பீக்கரில் சத்தமே வரவில்லை. மிஷின் ரிப்பேர் என்று நினைத்து, தட்டிப் பாருங்கள் என்று நான்தான் சொன்னேன்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அது பிறந்ததும் அழ வேண்டும். அந்த முதல் அழுகையை நான் என் காதால் கேட்க வேண்டும். ஆணோ பெண்ணோ, கறுப்போ சிவப்போ, அதெல்லாம் மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

நவம்பர் 17, ஞாயிறு

8.11. வளைகாப்பு. ராமசுப்பு சொந்தச் செலவில் நான்கு ஸ்பீக்கர் கட்டியதில் ஐயர் சொன்ன மந்திரம் யாருக்கும் கேட்கவில்லை.

கண்ணாடி வளையல் போடுகிறேன் என்று ஒரு அத்தை அழுத்தியதில் ஒன்று உடைந்து மணிக்கட்டில் கீறிவிட்டது. சின்னக் கீறல்தான். ஊசி போடுவதால் ரத்தம் நிற்கக் கொஞ்சம் நேரமானது. ஆறு நிமிடம், நான் கடிகாரம் பார்த்தேன். அதற்குள் பந்தல் முழுக்க கூச்சல். என் அம்மா பேச்சியம்மாள், ஜாக்கெட் பிட்டை வைத்து அழுத்திக்கொண்டு, என்னைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலைப்பிரசவம், அதனால் வளைகாப்பு முடிந்ததும் சாத்தூரில் அம்மா வீட்டுக்குப் போக வேண்டும். ஊசி யார் போடுவது? ராமசுப்பு, "தெனம் காலையில முத பஸ்ல வந்து போட்டுட்டுப் போயிர்றேன் அத்தை" என்றான்.

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன் மாப்ள, நாப்பது வருசமா ஜாக்கெட்டு தச்சுப் பொழைக்கிறவ நான். எனக்கு ஊசி பிடிக்கத் தெரியாதா?"

நவம்பர் 18, திங்கள்

அம்மாவுக்கு ஊசி பிடிக்கத் தெரிகிறது. குத்தத்தான் தெரியவில்லை.

முதலில் எட்டு மணிக்குப் போடவே மாட்டேன் என்றாள். "திங்கக்கெழம ஏழரையில இருந்து ஒம்பது ராகுகாலம். பிள்ள இருக்குற வயித்துல ராகுகாலத்துல ஊசி குத்தச் சொல்றியா? எம் மனசு கேக்காது."

"ஏழரைக்கு முன்னாடி போடேன்."

"அப்ப பால்காரன் வருவான்."

ஒன்பது மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். அப்புறம் பத்து நிமிடம் சாமி கும்பிட்டாள். பிறகு ஊசியை எடுத்தாள், கண்ணை இறுக்கி மூடினாள், குத்தினாள். வயிற்றில்தான் பட்டது. அது ஊசியின் நல்ல மனசு.

9.10. கார்டில் 8.00.

டிசம்பர் 2, திங்கள்

9.10. அம்மாவின் கண் மூடியபடி.

டிசம்பர் 8, ஞாயிறு

8.00! நிஜமாகவே. ஞாயிறுகளில் ராமசுப்பு வந்து போடுகிறான். ஒன், டூ. அவன் கையில் வலிப்பதே இல்லை என்று அவனிடம் சொல்லக்கூடாது. தலைகால் புரியாது.

டிசம்பர் 30, திங்கள்

9.12. மதியம் டாக்டர் மரகதம் திட்டம் சொன்னார். ஜனவரி 22 புதன்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்ந்து, வலி வரவழைக்க மருந்து. 21 காலையோடு ஊசி நிறுத்தம்.

"அதுக்கு முன்னாடியே வலி மாதிரி எது வந்தாலும், முதுகு வலிச்சாக்கூட, ஊசி போடாம எனக்கு ஃபோன் பண்ணணும். மருந்து உடம்புல இருக்கும்போது பிரசவமானா ரத்தப்போக்கு கூடும். முதுகுல மயக்க ஊசியும் போட முடியாது. புரியுதா?"

"புரியுது டாக்டர். ஒரு நாள் போடாம இருந்தா உள்ள இருக்கறதுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஆகாது."

வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு தடவை கேட்டேன். ஆகாது என்றார். மருந்துக் கடையிலிருந்து ஃபோன் செய்து கேட்டேன். அப்போதும் ஆகாது என்றார். மூன்று தடவையும் ஒரே பதில்தான். சந்தோஷமாக இருக்க வேண்டியது.

ஜனவரி 1, புதன்

டயர் கடைக்காரரின் புது டைரி. இந்த வருடம் ரத்த வகைக் கட்டத்தைக் காணோம். என்னைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார் போல. 8.06.

ஜனவரி 14, செவ்வாய்

8.19. பொங்கல். ராமசுப்புவுக்கு ஏழு ஊரில் விளையாட்டுப் போட்டி, ஏழு மைக்செட். அம்மாவுக்குப் பெரிய நிம்மதி. "மார்கழி போச்சு. இனிமே தைப் பிள்ள. எப்ப வேணா வரட்டும்" என்று வயிற்றைப் பார்த்து அனுமதி கொடுத்தாள்.

ஜனவரி 20, திங்கள்

முதுகு வலி. 8.12, 8.36, 8.58. வந்து வந்து போகிறது. நேற்று அம்மாவுக்குத் துணி மடித்துக் கொடுத்தேன், அதனால்தான்.

9.10. இருநூற்று இருபத்து நான்காவது ஊசி. அம்மா கண்ணை மூடிக்கொண்டுதான்.

முதுகு வலியை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் டாக்டருக்கு ஃபோன் போடுவாள். ஊசி வேண்டாம் என்பார்கள். இந்த ஊசியை ஏழு மாதமாகத் திட்டாத நாளில்லை. ஆனால் ஒரு நாள் போடாமல் இருக்க எனக்குப் பயமாக இருக்கிறது. அதுதான் பிள்ளையைப் பிடித்துவைத்திருக்கிறது என்று தோன்றுகிறது. விட்டால் போய்விடும்.

9.17. மறுபடி. துணிதான்.

ஜனவரி 22, புதன்

துணி இல்லை.

திங்கள்கிழமை 10.40க்குப் பனிக்குடம் உடைந்தது. அம்மாவின் தையல் மிஷின் பக்கத்தில், தைத்து முடித்த மூன்று ஜாக்கெட்டின் மேல். "போகட்டும், வேற தச்சுக்கலாம்" என்றவள், ஆட்டோ ஏறும்போது தோளில் அளவெடுக்கிற இஞ்சி டேப்பைப் போட்டுக்கொண்டே ஏறினாள். பிரசவ அறை வாசல் வரைக்கும் அது தொங்கியது.

பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி. நர்ஸ் கேட்டாள், "கடைசி ஊசி எத்தனை மணிக்கு?"

"எட்டு" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. பதினோரு வருடப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. அம்மா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். ராகுகாலம் என்று சொன்னால் அவளைத் திட்டுவார்கள். முதுகு வலியைச் சொன்னால் என்னைத் திட்டுவார்கள். நர்ஸ் எட்டு என்றே எழுதிக்கொண்டாள்.

சாயங்காலம் வரை வலி வந்ததே தவிர வழி பிறக்கவில்லை. ஏழு நாற்பதுக்கு டாக்டர் மரகதம் ஆபரேஷன் என்று முடிவு செய்தார். மயக்க மருந்து டாக்டர் பெனடிக்ட், கையில் என் கார்டோடு வந்தார். சிரித்த முகம்.

"காலையில எட்டுக்குப் போட்டிருக்கீங்க. இன்னும் கால் மணி நேரத்துல பன்னெண்டு மணி நேரம் முடியுது. முதுகுல போட்டுரலாம். இடுப்புக்குக் கீழதான் மரத்துப்போகும். நீங்க முழிச்சே இருக்கலாம். பிள்ள அழற சத்தத்தக் கேட்டுக்கிட்டே படுத்திருக்கலாம்."

"பன்னெண்டு மணி நேரம் ஆகலைன்னா டாக்டர்?"

"மருந்து மிச்சமிருந்தா, முதுகெலும்புக்குள்ள ரத்தம் கசிஞ்சு கட்டிக்கும். கால் விளங்காமக்கூடப் போகலாம். ரொம்ப அபூர்வம்தான். ஆனா தெரிஞ்சே போட மாட்டோம். அவசரம்னா முழு மயக்கம் குடுத்துருவோம். கண் முழிச்சப்புறம்தான் பிள்ளையப் பாப்பீங்க. உங்களுக்குத்தான் அந்தப் பிரச்சனை இல்லையே. கார்டு பூரா எட்டு, எட்டு, எட்டு."

சுவர்க் கடிகாரத்தில் 7.46. ஒரு மணி பத்து நிமிடம். அதைவிடப் பெரிய தாமதங்களையெல்லாம் விழுங்கியிருக்கிறேன். இதையும் விழுங்கினால் அழுகை கேட்கும். அபூர்வம் என்றுதானே சொன்னார். நான் வாயை மூடிக்கொண்டு ஒரு முழு நிமிடம் கிடந்தேன். அந்த ஒரு நிமிடத்தை எழுதாமல் விட்டால் இது டைரி இல்லை, கார்டு.

அப்புறம், அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டுமே என்று நினைத்தேன்.

"டாக்டர், எட்டு இல்ல. ஒம்பது பத்து."

கதவுப் பக்கத்திலிருந்து அதே நேரத்தில் அம்மா கத்தினாள். "ஒம்பது பத்து டாக்டர்! ராகுகாலம்னு நான்தான் நிப்பாட்டி வெச்சேன். அவளத் திட்டாதீக, என்னைத் திட்டுங்க!"

டாக்டர் பெனடிக்டின் சிரிப்பு போய்விட்டது. "கார்டுல எட்டு. வாயில ஒம்பது பத்து. நான் எதைம்மா நம்புறது?"

"டைரிய."

கல்யாண வேலையிலிருந்து மைக்கோடு ஓடி வந்திருந்த ராமசுப்புவிடம், என் பையிலிருந்து டைரியை எடுத்து வாசிக்கச் சொன்னார்கள். பதற்றத்தில் அவனுக்குப் பக்கம் புரளவில்லை. முதலில் பொங்கல் பக்கத்தைத் திறந்து, "'ராமசுப்புவுக்கு ஏழு ஊரில்'... ராமசுப்புவுக்கா?" என்று என்னை நிமிர்ந்து பார்த்தான். வலிக்கு நடுவிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு இருபதாம் தேதியை எடுத்தான். மைக் பிடித்த குரல், வார்டு முழுக்கக் கேட்டது. "8.12, 8.36, 8.58. 9.10. இருநூற்று இருபத்து நான்காவது ஊசி. அம்மா கண்ணை மூடிக்கொண்டுதான்." அம்மா இஞ்சி டேப்பைக் கழற்றிச் சுருட்ட ஆரம்பித்தாள். அதற்கடுத்த வரிகளை வாசிக்கும்போது ராமசுப்புவின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. 'விட்டால் போய்விடும்' என்ற இடம் யாருக்குமே கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது.

டாக்டர் மரகதம் கார்டை வாங்கிப் பார்த்தார். "இருநூத்தி இருபத்தி நாலு நாள் டான் டான்னு எட்டு மணி. ரயில்வேக்காரங்ககூட இப்படி ஓட்டலடி." பிறகு என் தலையில் கை வைத்தார். "ஊசி பிள்ளையப் பிடிச்சு வெச்சிருக்கல செண்பகம். வழிய அடைக்காம வெச்சிருந்துச்சு, அவ்வளவுதான். பிள்ளையப் பிடிச்சு வெச்சிருந்தது நீ."

துடிப்பு நன்றாக இருக்கிறவரை ஒன்பது பத்து வரைக்கும் காத்திருப்பது என்று முடிவானது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கடிகாரம் வேகமாக ஓட வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். 8.22க்குக் குதிரை ஓட்டம் மெதுவானது. எல்லோரும் வேகமானார்கள். எனக்குத் தெரிந்துவிட்டது, முழு மயக்கம்தான்.

முகத்தில் மூடி வைத்து டாக்டர் பெனடிக்ட், "ஒண்ணு ரெண்டு எண்ணுங்க" என்றார்.

ஒன், டூ. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

கண் விழித்தபோது பெண் குழந்தை என்றார்கள். இரண்டு கிலோ எழுநூறு. ரத்தம் வழக்கத்தைவிட அதிகமாகப் போயிருக்கிறது. இரண்டு பாட்டில் ஏற்றினார்கள். சவுண்ட் சர்வீஸ் ஆட்கள் இரண்டு பேர் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார்கள். பிள்ளை என் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. வாயைத் திறக்கவில்லை. நான் மூக்கின் கீழே விரலை வைத்து வைத்துப் பார்த்தேன்.

"அழுதுச்சா?" என்று கேட்டேன்.

"எட்டு முப்பத்தி நாலு" என்றான் ராமசுப்பு.

நான் அழுதேன். தையல் போட்ட வயிற்றோடு அழக்கூடாது, உயிர் போகிறது. இருந்தாலும் அழுதேன். நல்லபடியாகப் பிறந்த பிள்ளையை வைத்துக்கொண்டு எதற்கு அழுகிறாய் என்று நர்ஸ் கேட்டாள். இருநூற்று இருபத்து நான்கு நாள் காத்திருந்த பஸ் நான் தூங்கும்போது வந்து நின்றுவிட்டது என்று அவளிடம் எப்படிச் சொல்வது.

ராமசுப்பு பையிலிருந்து ஃபோனையும் ஒரு சின்ன ஸ்பீக்கரையும் எடுத்தான். ஆபரேஷன் தியேட்டர் கதவின் இடுக்கில் கல்யாண மைக்கைச் செருகிவைத்து, அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்திருக்கிறான். வாட்ச்மேன் இரண்டு தடவை விரட்டியிருக்கிறார்.

பொத்தானை அமுக்கினான். முதலில் கரகரவென்று இரைச்சல். டெஸ்ட் பண்ணாமல் எதையும் ரெக்கார்ட் பண்ண மாட்டான். அவன் குரல்தான் முதலில் வந்தது. எறும்புக் குரல்.

"ஹலோ... ஒன்... டூ..."

த்ரீ என்று அவன் சொல்லவில்லை. அந்த இடத்தில் அவள் அழுதாள்.

பதினேழு தடவை போடச் சொன்னேன்.

ஜனவரி 23, வியாழன்

பேஸ் கம்மியாக இருக்கிறது என்று அவனிடம் சொன்னேன். "அது பிள்ளையோட தொண்டை. அதுல நான் கை வைக்க முடியாது" என்றான். நேரிலேயே "ராமசுப்பு" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். திரும்பிப் பார்த்தான். அம்மா மட்டும் இருமினாள்.

ஜனவரி 27, திங்கள்

பிரசவத்துக்குப் பிறகும் ஆறு வாரம் ஊசி உண்டு. ரத்தத்தின் அவசரம் இன்னும் தீரவில்லையாம். புதுக் கார்டு கொடுத்திருக்கிறார்கள்.

சாத்தூர் வீடு. ஏழு ஐம்பத்தெட்டுக்கு அம்மா ஊசியோடு வந்து நின்றாள்.

"அம்மா, ராகுகாலம்."

"ராகு என்ன பண்ணீருவாரு? நீ எழுதி வெச்சு ஆஸ்பத்திரி பூராம் வாசிச்சதவிட மோசமாவா பண்ணீருவாரு?" என்றாள். வயிற்றுச் சதையைப் பிடித்தாள். "நான் கண்ணத் தொறந்துக்கிட்டு இருக்கேன். பாத்துக்க. அதையும் எழுது."

திறந்துதான் இருந்தாள். இமைக்கக்கூட இல்லை. கண்ணில் தண்ணீர் நின்றது. சரியாக எட்டு அடிக்கும்போது தொட்டிலில் அழுகை. அம்மா ஊசியை மூடி வைத்துவிட்டு ஓடினாள். தூக்கி, தட்டி, என் மடியில் கொடுத்துவிட்டுத்தான் மறுபடி ஊசியை எடுத்தாள். குத்தியது தெரியவே இல்லை.

"எட்டுன்னே எழுதிக்கயேன். மூணு நிமிசம்தான" என்றாள்.

கார்டில் 8.03 என்று எழுதினேன். பக்கத்தில் காலியிடம் இருந்தது. ஸ்கேல் வைத்து ஒரு கட்டம் போட்டு, மேலே 'தாமதத்துக்குக் காரணம்' என்று தலைப்பும் எழுதினேன்.

காரணம்: அழுகை.